அழிந்துவிட்டது என்று நினைத்த வாட்ஸ்அப் பேச்சு ஆர்க்கைவில் இருந்தது

வாட்ஸ்அப்பில் ஓர் உரையாடலைக் காணோம் என்று யாராவது ஃபோனை நீட்டினால், நான் முதலில் பார்க்கும் இடம் ஆர்க்கைவ், அதாவது உரையாடலை அழிக்காமல் ஒதுக்கி வைக்கும் பகுதி. "எல்லாம் அழிஞ்சு போச்சும்மா" என்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் அழிந்திருக்காது. சிங்கப்பூரில் உபி வட்டாரத்தில் ஒரு சின்ன சரக்குக் கம்பெனியில் அலுவலக வேலை பார்க்கிறேன். லாரி ஓட்டுநர்கள், கிடங்கு, வாடிக்கையாளர்கள் என்று எல்லாரோடும் பேச்சு வாட்ஸ்அப்பில்தான். காலையில் கணினியில் திறந்தால் சாயங்காலம்வரை அது திறந்தே இருக்கும். அதனாலோ என்னவோ, சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார் என்று யாருக்கு எது காணாமல் போனாலும் பஞ்சாயத்து என்னிடம் வந்துவிடுகிறது.

ஆர்க்கைவுக்குள் ஓர் உரையாடல் போவதற்கு ஒரு நொடி போதும். ஆண்ட்ராய்டு ஃபோனில் ஒரு பெயரைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் மேலே சின்னச் சின்னப் படங்கள் வரும். அவற்றில் கீழ்நோக்கி அம்பு போட்ட பெட்டிதான் ஆர்க்கைவ். ஐஃபோனில் பெயரை இடப்பக்கம் இழுத்தாலே அந்தப் பொத்தான் வந்து நிற்கும். எம்ஆர்டி ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் கட்டைவிரலால் எல்லாவற்றையும் தள்ளுகிறவர்களுக்கு இது தெரியாமலே நடந்துவிடும். தெரிந்தே போடுவதும் உண்டு. தீபாவளி, பொங்கல் வந்தால் விளக்குப் படமும் கரும்புப் படமும் நாள் முழுக்கக் கொட்டும். யாரும் கோபித்துக்கொள்ளாமல் குழுவிலிருந்து விலகவா முடியும்? ஆர்க்கைவில் போட்டுவிட்டால் எதிராளிக்குத் தெரியவே தெரியாது. பரணில் ஏற்றிய சாமான் மாதிரி, இருக்கும், ஆனால் கண்ணில் படாது.

ஒரு காலத்தில் இவ்வளவு குழப்பம் இல்லை. 2021 ஜூலைக்கு முன்பு, ஆர்க்கைவில் போட்ட உரையாடலுக்குப் புதிதாக ஒரு செய்தி வந்தால் அது தானாகவே வெளியே வந்து பட்டியலின் தலையில் உட்கார்ந்துகொள்ளும். குழுக்களின் தொல்லை தாங்காதவர்கள் கேட்டுக் கேட்டு, அதை வாட்ஸ்அப் மாற்றியது. இப்போது நீங்களாக வெளியே எடுக்கும்வரை அது உள்ளேயே இருக்கும், செய்தி வந்தாலும் சத்தம் வராது. எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. ஆனால் "அவர் எனக்குப் பதிலே போடவில்லை" என்ற மனத்தாங்கல்களில் பாதிக்குக் காரணம் இதுதான் என்பேன். பழைய மாதிரியே வேண்டுமென்றால் செட்டிங்ஸில் 'சாட்ஸ்' பகுதிக்குப் போய் 'கீப் சாட்ஸ் ஆர்க்கைவ்டு' என்பதை அணைத்துவிடலாம். வயதானவர்களின் ஃபோனில் நான் அணைத்துத்தான் வைக்கிறேன்.

சரி, எங்கே தேடுவது? சாட் பட்டியலின் உச்சிக்குப் போங்கள். 'ஆர்க்கைவ்டு' என்று ஒற்றை வரி தெரியும். தெரியவில்லை என்றால் பட்டியலை விரலால் லேசாகக் கீழே இழுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் பட்டியலின் அடிவரை தள்ளிப் பாருங்கள். மேலே சொன்ன அமைப்பு அணைத்திருக்கும் ஃபோன்களில் சிலவற்றில் அது அடியில்தான் ஒளிந்திருக்கும். அந்த வரிக்குப் பக்கத்தில் ஓர் எண் இருந்தால், உள்ளே அத்தனை உரையாடல்களில் நீங்கள் படிக்காத செய்தி இருக்கிறது என்று அர்த்தம். வெளியே எடுக்க, உள்ளே போன அதே வழிதான்: அழுத்திப் பிடித்தால் இப்போது பெட்டியில் அம்பு மேல்நோக்கி இருக்கும்.

இவ்வளவும் தெரிந்தாலும் சில நேரம் போதாது. ஈசூனில் இருக்கும் என் மாமாவின் கதை அப்படித்தான்.

மாமா வீட்டுக் குளியலறையில் புதிதாகப் பதித்த தரை ஓடுகள் எழும்ப ஆரம்பித்தன. பதித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வேலை செய்த குத்தகைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டால், வாரண்டி என்று தான் எதுவும் சொன்னதாக ஞாபகம் இல்லை என்றார். "சொன்னான். வாட்ஸ்அப்புலதான் சொன்னான்" என்று மாமா அடித்துச் சொன்னார். ஆனால் ஃபோனில் அந்த ஆளின் பேச்சே இல்லை. "வேலை முடிஞ்சதும் எல்லாத்தையும் நீங்கதானே தூக்கிப் போட்டீங்க" என்றார் அத்தை.

ஆர்க்கைவைத் திறந்தேன். ஒரு கடல் இருந்தது. கோயில் தொண்டூழியர் குழு, பழைய கம்பெனிக் குழு, ஊர்க்காரர் குழு, பெயர் இல்லாத வெறும் எண்கள். குத்தகைக்காரரை என்ன பெயரில் பதிந்தார் என்று மாமாவுக்கே நினைவில்லை. நேரில் கூப்பிடும் பெயரில் இல்லை. தொழில் பெயரிலும் இல்லை. அப்புறம்தான் வங்கிச் செயலி நினைவுக்கு வந்தது. முன்பணத்தை மாமா பேநவ் மூலம், அதாவது கைபேசி எண்ணுக்கே வங்கிப் பணம் அனுப்பும் வசதியில், அனுப்பியிருந்தார். அந்தப் பதிவில் தேதியும் கைபேசி எண்ணும் இருந்தன. எண்ணை ஃபோனின் தொடர்புப் பட்டியலில் போட்டுப் பார்த்தால், பெயர் 'பாத்ரூம்'. வாட்ஸ்அப் தேடல் பெட்டியில் அதே பெயரைத் தட்டியதும் உரையாடல் வந்துவிட்டது. பக்கத்தில் பொடி எழுத்தில் 'ஆர்க்கைவ்டு' என்றும் இருந்தது. பொதுத் தேடல் ஆர்க்கைவுக்குள்ளும் சேர்த்துத் தேடும். பலர் ஆர்க்கைவைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருப்பார்கள், அது தேவையில்லை.

உள்ளே போனால் அடுத்த சிக்கல். எழுத்து என்று ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. எல்லாம் குரல் பதிவு, நடுவில் ஓடுகளின் படங்கள். நம் ஆட்கள் பலர் இப்படித்தான், தட்டச்சு செய்ய அலுத்துக்கொண்டு மைக்கை அழுத்திப் பேசிவிடுவார்கள். 'வாரண்டி' என்று தேடினால் குரல் பதிவுக்குள் இருப்பது எப்படிக் கிடைக்கும்? எழுதியிருந்தாலும் பாதி ஆங்கில எழுத்தில் தமிழ், அதிலும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். தேடலுக்கு அது பிடிபடாது. அதனால் சொல்லை விட்டுவிட்டுத் தேதியைப் பிடித்தேன். உரையாடலுக்குள் தேடல் பெட்டியைத் திறந்தால் நாட்காட்டிப் படம் ஒன்று தெரியும். ஆண்ட்ராய்டுக்கு இந்த வசதி 2024 தொடக்கத்தில்தான் வந்தது. பேநவ் தேதியை அதில் தொட்டதும் திரை நேராக அந்த நாளில் போய் நின்றது. மாமா அனுப்பிய பணத்தின் ஸ்கிரீன்ஷாட், அதன் கீழே கட்டைவிரல், அதன் கீழே வரிசையாகக் குரல் பதிவுகள்.

ஒவ்வொன்றாகப் போட்டோம். முதலில் ஓட்டின் நிறம். அப்புறம் சிமெண்ட் மூட்டை எப்போது வரும் என்று. பின்னால் துளையிடும் இயந்திரத்தின் இரைச்சல், அதற்கு மேலே அவர் கத்திப் பேசுகிறார். நடுவில் ஒன்றில், "அண்ணே, ஒரு வருஷத்துக்கு எது ஆனாலும் நான் வந்து பாத்துத் தரேன், கவலைய விடுங்க." மாமா அதை இன்னொரு தடவை போடச் சொன்னார். அத்தையையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தார்.

அதைக் கண்டுபிடித்த கையோடு செய்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். முதலில் அந்தக் குரல் பதிவை அழுத்திப் பிடித்து நட்சத்திரம் போட்டேன். இனி 'ஸ்டார்டு மெசேஜஸ்' பகுதிக்குப் போனால் அது தனியாகக் கிடைக்கும், மறுபடி தோண்ட வேண்டாம். அடுத்து, புதிதாக எதுவும் எழுதாமல், அதே குரல் பதிவுக்கு 'ரிப்ளை' கொடுத்து, "தம்பி, ஓடு எழும்புது, எப்ப வர்றீங்க?" என்று மட்டும் மாமாவை எழுதச் சொன்னேன். பழைய பேச்சு அந்தக் கேள்விக்கு மேலேயே ஒட்டிக்கொண்டு போனது. குத்தகைக்காரர் மறுநாளே வந்து பார்த்தார், ஓடுகளை மாற்றியும் கொடுத்தார். சண்டை இல்லை.

சண்டை வந்திருந்தால் போக இடம் இருக்கிறது. சிங்கப்பூரில் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான இந்த மாதிரி வழக்குகளைக் கேட்கும். இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வெள்ளி வரை. வழக்கறிஞர் கிடையாது, அவரவரே பேசிக்கொள்ள வேண்டும். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். அங்கே "அவன் சொன்னான்" என்றால் போதாது, சொன்னதைக் காட்ட வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வாய்ப்பேச்சில் வேலை கொடுக்கும் நம்மவர்களுக்கு வாட்ஸ்அப்தான் ஒப்பந்தம். அதனால் வீட்டு வேலை, வாடகை, முன்பணம் சம்பந்தமான பேச்சை வேலை முடிந்ததும் அழிக்காதீர்கள். கண்ணை உறுத்தினால் ஆர்க்கைவில் போடுங்கள், அதற்குத்தானே அது இருக்கிறது. தேவைப்பட்டால் முழு உரையாடலையும் 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்துத் தனிக் கோப்பாக எடுக்கலாம். ஆண்ட்ராய்டில் மூன்று புள்ளி, அதற்குள் 'மோர்'. ஐஃபோனில் மேலே இருக்கும் பெயரைத் தொட்டு அடிவரை போக வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுப்பதானால் தேதியும் எண்ணும் தெரிகிற மாதிரி எடுங்கள். 'பாத்ரூம்' என்ற பெயர் மட்டும் தெரிந்தால் யாருக்கு என்ன புரியும்?

இப்போது கணினி. நீளமாகத் தேட வேண்டுமென்றால் நான் கணினிக்குத்தான் போவேன். பெரிய திரை, தட்டச்சும் சுலபம். வாட்ஸ்அப் வெப்பில் ஆர்க்கைவ் இருக்கும் இடம் அடிக்கடி மாறுகிறது. சாட் பட்டியலின் மேலே ஒரு வரியாக இருக்கும், அல்லது இடது ஓரத்தில் அம்பு போட்ட பெட்டியாக இருக்கும். இரண்டும் கண்ணில் படவில்லை என்றால் மூன்று புள்ளியைத் திறந்து பாருங்கள். ஃபோனில் ஆர்க்கைவில் போட்டது கணினியிலும் ஆர்க்கைவுக்குப் போய்விடும். அங்கே வெளியே எடுத்தால் இங்கேயும் வெளியே வரும். "ஆபீஸ் கம்ப்யூட்டர்லதானே எடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டு ஃபோனில் மனைவியிடம் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், விவரம் வேண்டாம்.

கணினியில் ஒரு குறை உண்டு. புதிதாக இணைக்கும்போது அண்மைக்காலப் பேச்சுதான் முதலில் வந்து இறங்கும். மிகப் பழையது வேண்டுமென்றால் ஃபோனில்தான் பார்க்க வேண்டியிருக்கும். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை, ஒரு கப்பல் சரக்கின் பழைய ரசீதைக் கணினியில் தேடித் தேடி, இல்லவே இல்லை என்று முடிவு கட்டிவிட்டாள். ஃபோனில் தேடல் பெட்டியைத் தொட்டு, கீழே வரும் 'டாக்குமெண்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, வாடிக்கையாளர் பெயரின் முதல் சில எழுத்துகளைப் போட்டதும் பிடிஎஃப் வந்தது. படம், இணைப்பு, ஆவணம் என்று இப்படிப் பிரித்துத் தேடுவதை நிறையப் பேர் பயன்படுத்துவதே இல்லை. இன்னொன்று: ஃபோனை 14 நாளுக்கு மேல் தொடாமல் வைத்திருந்தால் கணினி இணைப்பு அறுந்துவிடும். ஃபோன் பழுதாகி ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள் இதைக் கவனியுங்கள்.

கணினி பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. கூகலில் வாட்ஸ்அப் வெப் என்று தட்டி, முதலில் வருவதைத் திறக்காதீர்கள். 2023இன் பிற்பகுதியில் சிங்கப்பூர்க் காவல்துறை இதைப் பற்றியே எச்சரித்தது. அசல் மாதிரியே இருக்கும் போலிப் பக்கம், அதில் ஒரு கியூஆர் குறியீடு. ஸ்கேன் செய்தால் உங்கள் கணக்கு அவர்கள் கணினியில் திறந்துகொள்ளும். உங்கள் ஃபோன் வழக்கம்போலவே வேலை செய்வதால் சந்தேகமே வராது. அவர்கள் உங்கள் பெயரில் தெரிந்தவர்களிடம் பணம் கேட்பார்கள். ஆர்க்கைவில் போட்ட பேச்சுக்குச் சத்தம் வராது என்பதால், அந்தப் பதில்களை அங்கே தள்ளிவிட்டால் உங்களுக்கு எப்படித் தெரியும்? முகவரியை நீங்களே தட்டுங்கள்: வெப் டாட் வாட்ஸ்அப் டாட் காம். ஒரு தடவை சரியாகத் திறந்ததும் புக்மார்க் செய்துவிடுங்கள். செட்டிங்ஸில் 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலை அவ்வப்போது பாருங்கள், தெரியாத கணினி இருந்தால் உடனே வெளியேற்றுங்கள். மோசடி என்று சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

ஆர்க்கைவிலும் இல்லை, தேடலிலும் வரவில்லை என்றால்? பூட்டிய உரையாடலா என்று பாருங்கள். 2023இல் வந்த 'சாட் லாக்' வசதியில் போட்டது பொதுத் தேடலில் வராது. பட்டியலைக் கீழே இழுத்தால் ஆர்க்கைவுக்குப் பக்கத்தில் தனிக் கோப்புறையாகத் தெரியும், கைரேகையோ முகமோ கேட்கும். ரகசியக் குறியீடு வைத்து மறைத்திருந்தால் அந்தக் கோப்புறையும் தெரியாது, குறியீட்டைத் தேடல் பெட்டியில் தட்டினால்தான் வெளிவரும். அடுத்து, தானாக மறையும் செய்தியா என்று பாருங்கள். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வைத்திருந்தால் ஆர்க்கைவில் போட்டாலும் அது மறையத்தான் செய்யும். புது ஃபோன் வாங்கி, பேக்கப்பை மீட்காமல் 'ஸ்கிப்' கொடுத்திருந்தால் ஆர்க்கைவும் சேர்ந்தே வராது. ஆண்ட்ராய்டு என்றால் கூகல் டிரைவ், ஐஃபோன் என்றால் ஐகிளவுட், அங்கே கடைசி பேக்கப் எந்தத் தேதி என்று பாருங்கள். உண்மையிலேயே அழித்ததாக இருந்தால், அந்த பேக்கப்பை விட்டால் எதிராளியின் ஃபோன்தான் கதி. அவரிடம் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

குழுக்களைப் பற்றி இரண்டு வார்த்தை. பிள்ளையின் வகுப்புப் பெற்றோர் குழுவை ஆர்க்கைவில்தான் வைத்திருக்கிறேன். நாளைக்குச் சட்டை என்ன நிறம் என்று ஒருவர் கேட்டால், பதில் சொல்ல நாற்பது பேர் வருவார்கள். ஆனால் யாராவது என் பெயரைக் குறிப்பிட்டாலோ, என் செய்திக்கே பதில் போட்டாலோ எனக்கு அறிவிப்பு வரும், ஆர்க்கைவ் வரியின் பக்கத்தில் @ குறியும் நிற்கும். அவசரமென்றால் பெயரைக் குறிப்பிடுங்கள் என்று இரண்டு அம்மாக்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆர்க்கைவில் இருப்பவர் ஃபோன் செய்தால் வழக்கம்போல மணி அடிக்கும், அதற்குத் தடை இல்லை. இடம் மிச்சமாகும் என்று எண்ணி ஆர்க்கைவில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு எம்பிகூட மிச்சமாகாது. 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பகுதியில் பெரிய வீடியோக்களைப் பார்த்து அழித்தால்தான் உண்டு. அந்தக் குழுக்களில் வந்து இறக்காமல் விட்ட படங்களை வெகுநாள் கழித்துத் தொட்டால், திரும்ப அனுப்பச் சொல்லுங்கள் என்று வந்து நிற்கும். வேண்டிய படத்தை அன்றைக்கே இறக்கிவிடுங்கள்.

பிறர் ஃபோனில் தேடிக்கொடுப்பதானால் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். ஆர்க்கைவைத் திறக்கும் முன் கேட்டுவிடுவேன், முடிந்தால் அவரையே தொடச் சொல்வேன். மனிதர்கள் அங்கே போட்டு வைத்திருப்பதில் விளக்குப் படம் மட்டும் இருக்காது. மாமா கூட, நான் ஆர்க்கைவைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஓர் இடத்தில், "அது வேணாம்மா, மேல போ" என்றார். போனேன்.

டெலிகிராம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வரி. அங்கேயும் பட்டியலைக் கீழே இழுத்தால் ஆர்க்கைவ் தெரியும். ஆனால் சத்தத்தை நிறுத்தாத உரையாடலாக இருந்தால், புதுச் செய்தி வந்ததும் அது வெளியே வந்துவிடும். உள்ளேயே இருக்க வேண்டுமென்றால் முதலில் 'மியூட்' செய்ய வேண்டும்.

வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பெரியவர்கள் பக்கத்துச் சமூக மன்றத்திலோ நூலகத்திலோ இருக்கும் எஸ்ஜி டிஜிட்டல் முகப்புக்குப் போகலாம். அங்கிருக்கும் மின்னிலக்கத் தூதர்கள் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள், கட்டணம் இல்லை. தேடும் பேச்சு ஏறக்குறைய எந்த மாதம், அன்றைக்குப் பணம் ஏதாவது கைமாறியதா, அந்த ஆளை ஃபோனில் என்ன பெயரில் பதிந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.